இறப்பருக்கு அரிசி: 1952 ஒப்பந்தம் எதனால் நிலைத்து நின்றது?

1952ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசை இரண்டு விலைகள் இரு பக்கமும் நெரித்தன. விற்கிற இறப்பரின் விலை விழுந்துகொண்டிருந்தது; வாங்குகிற அரிசியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் அமெரிக்கா போர்க்காலக் கையிருப்புக்காக இறப்பரை வாங்கிக் குவித்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் அதுவரை காணாத இலாபத்தைக் கண்டன. 1951 முடிவதற்குள் அந்தக் காலம் கழிந்துவிட்டது. அமெரிக்காவின் செயற்கை இறப்பர் ஆலைகள் முழு வேகத்தில் ஓடின, கையிருப்பு நிறைந்தது, அமெரிக்க அரசே தன் நாட்டுக்கு இறப்பர் வாங்கும் ஒரே கையாகி விலையைத் தானே தீர்மானித்தது. அதே நேரம் ஆசியாவெங்கும் அரிசித் தட்டுப்பாடு. உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்து இறங்கவேண்டிய நாடு இலங்கை. தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றையும் விற்றுச் சோறு வாங்கும் பொருளாதாரத்தை ஆங்கிலேயர் அமைத்துவிட்டுப் போய் நாலு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் பலவீனம் முழுவதும் அந்த ஓராண்டில் வெளியே வந்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு மாதாமாதம் கரைந்தது.

கொழும்பு முதலில் கதவைத் தட்டியது வாஷிங்டனில்தான். தூதர் சர் கிளாட் கொரியா வழியாக அரசு கேட்டது இரண்டு: இறப்பருக்கு நியாயமான விலையில் நீண்டகாலக் கொள்வனவு, கட்டுப்படியாகும் விலையில் அரிசி. அமெரிக்கா சந்தை விலைக்கு மேல் இறப்பர் வாங்க முன்வரவில்லை. சந்தை விலைக்குக் கீழ் அரிசி தரவும் முன்வரவில்லை. மறுபக்கம் சீனாவுக்கு இறப்பர் தேவை மிக அவசரமாக இருந்தது. 1951 மே 18 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை போருக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று தீர்மானித்த பின், பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயாவின் இறப்பர் சீனாவுக்கு நின்றுபோயிற்று. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரே இல்லை. சோவியத் ஒன்றியத்தின் இரத்ததிகாரத்தால் அதன் விண்ணப்பம் தள்ளிக்கொண்டே போய் 1955 டிசம்பரில்தான் இடம் கிடைத்தது. ஆக, சோவியத் முகாம் போட்ட தடையே சீனாவுடன் வணிகம் செய்யும் சட்டச் சுதந்திரத்தை இலங்கைக்கு விட்டுவைத்தது. தனியார் வணிகர்கள் வழியாக 1951 இறுதியிலேயே இறப்பர் சீனாவை நோக்கிப் போகத் தொடங்கியிருந்தது. அரசு அந்தத் தடத்தில் பிறகுதான் கால் வைத்தது.

1952 செப்டம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க தலைமையில் ஒரு குழு பீக்கிங் சென்றது. அக்டோபர் தொடக்கத்தில் 80,000 தொன் அரிசிக்கு ஓர் உடன்பாடு வந்தது. டிசம்பர் 18 அன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது: ஆண்டுதோறும் சீனா 2,70,000 மெற்றிக் தொன் அரிசி தரும், இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பர் தரும். இலங்கையின் மொத்த இறப்பர் விளைச்சல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தொன். அதில் பாதி இந்த ஒரே காகிதத்தில் அடங்கியது. 1953 குடிசன மதிப்பின்படி நாட்டின் மக்கள் தொகை 81 இலட்சம். 2,70,000 தொன்னை அதால் வகுத்தால் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஆண்டுக்கு 33 கிலோ அரிசி. இறப்பருக்குச் சீனா கொடுத்த விலை சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிடக் கணிசமாக உயர்ந்தது. அரிசிக்குக் கேட்ட விலை அன்றைய உலக விலையைவிடக் குறைந்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையே அப்போது தூதரகம்கூட இல்லை. இலங்கை 1950 ஜனவரியிலேயே புதிய சீன அரசை அங்கீகரித்திருந்தாலும், தூதுறவு ஏற்பட்டது 1957 பெப்ரவரியில்தான்.

இந்த வரலாற்றை நம் நாட்டில் சொல்லும்போதெல்லாம் துணிச்சல் என்ற சொல் வந்துவிடுகிறது. சின்னஞ்சிறு நாடொன்று வல்லரசின் மிரட்டலைப் பொருட்படுத்தாமல் தன் மக்களுக்குச் சோறு போட்டது என்பது கொழும்பின் கூற்று. தூதுறவுக்கு முன்பே பூத்த நட்பு என்பது பீக்கிங்கின் கூற்று. 2022இல் ஒப்பந்தத்தின் 70ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்டபோதும் இவ்விரண்டுமே கேட்டன. துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. அமைச்சரவைக்குள்ளேயே கடும் கருத்து வேறுபாடு இருந்தபோது ஆர்.ஜி. சேனாநாயக்க தன் நிலையில் நின்றதற்கு மதிப்புக் கொடுக்கவே வேண்டும். ஆனால் துணிச்சல் ஒரு கையெழுத்துக்குப் போதும். முப்பது ஆண்டு கப்பல் ஓடப் போதாது. இந்த ஒப்பந்தம் நிலைத்து நின்றதற்குக் காரணம், அரிசியை அரசே வாங்கி அரசே பங்கிடும் ஒரு நிர்வாகம் பத்தாண்டாக இயங்கிவந்ததும், எதை ஒப்பந்தத்துக்குள் எழுதுவது, எதை வெளியே விடுவது என்பதில் இரு தரப்பும் காட்டிய கட்டுப்பாடும்தான் என்பது என் வாதம்.

அந்த நிர்வாகத்தின் பிறப்பு 1942. ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி ஒரே அடியாக நின்றது. அதுவரை அரிசி இறக்குமதி தனியார் கையில். செட்டியார், மேமன், போரா வணிகர்கள் இரங்கூனிலும் கொச்சியிலும் கிளை வைத்துக் கொழும்புப் புறக்கோட்டைக்கு மூட்டை இறக்கிய காலம் அது. போர் அதை முடித்துவைத்தது. கூப்பன் வந்தது, ஆளுக்கு வாரத்துக்கு இத்தனை கொத்து என்று அளவு வந்தது, கொள்வனவு, கப்பல், களஞ்சியம், பங்கீடு எல்லாம் உணவு ஆணையாளரின் பொறுப்பாயின. போர் முடிந்தும் இந்த அமைப்பைக் கலைக்க எந்த அரசுக்கும் மனம் வரவில்லை. பர்மா சுதந்திரம் பெற்ற பின் அரிசி ஏற்றுமதியை அதன் அரசே எடுத்துக்கொண்டது; ஆகவே பர்மாவுடன் அரிசி பேசுவதே அரசோடு அரசு பேசுவதாகிவிட்டது. 1952இல் பீக்கிங் போன அதிகாரிகளுக்கு இலட்சக்கணக்கான தொன் அரிசியைப் பிற நாட்டு அரசிடம் பேரம் பேசுவது பழகிய வேலை. தரம் பார்ப்பது, உடைந்த குருணைக்கு எவ்வளவு கழிப்பது, துறைமுகத்தில் தாமதமானால் யார் தலையில் செலவு விழும் என்பன அவர்களுக்கு அன்றாடப் பாடம். அமெரிக்கப் பருத்தியையோ ஜப்பானிய இயந்திரத்தையோ இப்படி வாங்க முனைந்திருந்தால் அரசிடம் அதற்கான கையும் இல்லை, கணக்கும் இல்லை. அரிசிக்கு இரண்டும் இருந்தன. மறுபுறத்தில் சீனாவும் தானியத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது. 1953 இறுதியில் விவசாயியிடமிருந்து அரசே கொள்முதல் செய்து அரசே விற்கும் முறை அங்கே நாடு முழுவதும் வந்தது. இரு கரையிலும் அரசே வணிகனாக நின்றதால் நடுவில் வேறு யாரையும் சம்மதிக்க வைக்கவேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்தத்தின் அமைப்பைப் பாருங்கள். அளவு ஐந்தாண்டுக்கு நிலையானது. விலை ஆண்டுதோறும் தனி உடன்படிக்கையில் பேசித் தீர்க்கப்படுவது. எளிமையாகத் தெரிகிற இந்தப் பிரிப்பில்தான் அதன் ஆயுள் இருந்தது. விலையையும் ஐந்தாண்டுக்குக் கட்டிப்போட்டிருந்தால், சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழப்பவர் ஒருவர் இரண்டாம் ஆண்டிலேயே வெளியேறக் காரணம் தேடியிருப்பார். அளவையும் ஆண்டுதோறும் பேசுவதாக விட்டிருந்தால், தோட்டக்காரனுக்கும் உணவு ஆணையாளருக்கும் அடுத்த ஆண்டைப் பற்றிய நிச்சயமே இருந்திராது. அளவில் உறுதியும் விலையில் நெகிழ்வும் சேர்ந்ததால் ஒவ்வோர் ஆண்டும் சண்டை போடலாம், ஆனால் பிரிய வேண்டியதில்லை. இதைவிட முக்கியம், கொள்கை சார்ந்த எந்த நிபந்தனையும் இதனோடு கட்டப்படவில்லை. அன்றைய ஐக்கிய தேசியக் கட்சி அரசு வெளிப்படையாகக் கம்யூனிச எதிர்ப்பு அரசு. உள்நாட்டில் இடதுசாரிகளை அடக்க அது தயங்கவில்லை. 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில் பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல எழுந்து கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நடத்துவதும் ஒரு காலனித்துவமே என்று பேசியபோது, அந்த மண்டபத்திலேயே இருந்த சீனப் பிரதமர் சூ என்லாய் சினந்தார். அந்த ஆண்டும் அரிசி வந்தது, இறப்பர் போனது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன சில உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, அமெரிக்க உதவி போயிற்றே என்பது. 1951இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய பற்றில் சட்டம், தடைசெய்த பொருளைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது என்றது. இலங்கைக்குத் தொழில்நுட்ப உதவி நின்றது. 1956 வரை அது திரும்பவில்லை. இறப்பர் மரத்தின் இலைநோய்க்குத் தூவும் கந்தகத்தை விற்கவும் அமெரிக்கா மறுத்தது. இந்தச் சேதம் உண்மையானது. அமைச்சரவையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன போன்றோர் எச்சரித்ததும் இதைத்தான். ஆனால் எதிர்த்தட்டில் என்ன வைக்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். நின்றுபோன உதவி, ஆலோசகர்களும் உபகரணங்களும் அடங்கிய சிறு தொகை. வந்தது நாட்டின் இறக்குமதி அரிசியில் பெரும்பகுதி. பசி தலைக்கு மேல் நிற்கும்போது, பின்னொரு நாள் வரக்கூடிய மூலதனத்தை நம்பி ஓர் அரசு அந்த அரிசியைக் கைவிட்டிருக்க முடியாது. அமெரிக்கா அன்று வேண்டியதைக் கட்டுப்படியாகும் விலையில் தந்திருந்தால் கொழும்பு பீக்கிங் பக்கம் திரும்பியிருக்காது என்பதற்கு வாஷிங்டனில் நடந்த பேச்சுவார்த்தையே சாட்சி.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. சீனா தந்த கூடுதல் விலை பொருளாதாரத்தால் வந்தது அன்று, தடையால் வந்தது. தடை நீங்கினால் விலையும் போகும். அரசு இதை நிரந்தர வழியாக நம்பி நாட்டை ஒரே வாடிக்கையாளனிடம் கட்டிவிட்டது என்பது அது. பாதி சரி. 1956இல் மலாயா இறப்பர் மீண்டும் சீனாவுக்குப் போகத் தொடங்கியதும் இலங்கைக்கு இருந்த தனிச்சலுகை கரைந்தது. தடையின் நாளிலிருந்தே சீனா ஹைனான் தீவிலும் யுனான் தெற்கிலும் சொந்தமாக இறப்பர் நடத் தொடங்கியிருந்தது. 1957 செப்டம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது சந்தைக்கு மேற்பட்ட விலை மறைந்தது. அதற்கு ஈடாக ஐந்தாண்டில் 7.5 கோடி ரூபா உதவியைச் சீனா தந்தது. அது இறப்பர் மறுநடுகைக்குப் போனது. இங்கேதான் அந்த எதிர்வாதம் தடுமாறுகிறது. கூடுதல் விலை கிடைத்த ஆண்டுகளிலேயே, 1953இல், இறப்பர் மறுநடுகை மானியத் திட்டம் தொடங்கிவிட்டது. நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு அதிக பால் தரும் ஒட்டுக்கன்றுகளை நட, சிற்றுடைமையாளர் ஐந்தாறு ஆண்டு வருமானமின்றி இருக்கவேண்டும். மானியமின்றி அவரால் அது ஆகாது. தற்காலிகமாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியாவது நிலைத்த மரமாக மாறியது. இந்த ஒன்றை இலங்கையின் பிற்கால அரசுகள் தங்களுக்குக் கிடைத்த நல்ல ஆண்டுகளில் செய்யவில்லை.

ஆனால் ஒப்பந்தத்தின் பெரிய தோல்வி அமெரிக்காவிலும் இல்லை, சந்தையிலும் இல்லை. அது நாட்டுக்குள்ளேயே நடந்தது. கைச்சாத்தாகி எட்டு மாதம் முடியவில்லை. 1953 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. அரிசி மானியம் வரவு செலவைத் தின்றுகொண்டிருந்தது என்பது உண்மை. சில காலம் முன்பு வந்துபோன உலக வங்கிக் குழுவும் மானியத்தைக் குறைக்கும் பக்கமே நின்றது. ஆனால் ஒரே இரவில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஏற்றம் எந்த வீட்டு அடுப்பாலும் தாங்கமுடியாதது. ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலில் மேற்கு, தெற்குக் கரையோரம் ஸ்தம்பித்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தமிழரசுக் கட்சியும் ஆதரித்ததால் வடக்கிலும் கடைகள் அடைக்கப்பட்டன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடவேண்டிய நிலை வந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அடுத்து வந்த அரசு விலையைக் குறைத்தது. கடல் கடந்து அரிசியைக் கொண்டுவரத் தெரிந்த அரசுக்கு, அதைத் தன் குடிமகனின் பானைக்கு என்ன விலையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எல்லைக்கு அப்பால் நடந்த ஏற்பாடு எவ்வளவு திறமையாக இருந்தாலும், எல்லைக்கு உள்ளே இருந்த வரிப்பணப் பிரச்சினையை அதனால் தீர்க்கமுடியவில்லை. இதை மறைத்துவிட்டு ஒப்பந்தத்தைக் கொண்டாடுவது 1953ஐ வரலாற்றிலிருந்து கிழித்தெறிவதாகும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். விடிகாலையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்கள், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சேர்த்தவர்கள், புகைக்கூடத்தில் ஷீட் உலர்த்தியவர்கள் ஆகியோரில் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர். தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களும் பெருந்தொகையாக இருந்தனர். பின்னவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. 1952 மே தேர்தலில் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. அவர்கள் உழைப்பின் பொருளை வைத்து நாட்டின் சோற்றுக்குப் பேரம் நடந்தது. அந்தப் பேரத்தை நடத்திய அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. டட்லியின் அமைச்சரவையில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் இருந்தார் என்பதாலும் இந்த நிலை மாறிவிடவில்லை. பின்னர் 1964 அக்டோபரில் கொழும்பும் புது டில்லியும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டில் இதே மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டனர். அரிசியும் இறப்பரும் தொன் கணக்கில் எழுதப்பட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதரையும் அப்படியே எழுதியதை மன்னிக்க எனக்கு மனமில்லை. மறுகரையிலும் சம்மதம் கேட்கப்படாதவர்கள் இருந்தார்கள். 1959 முதல் 1961 வரை சீனாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தபோது, அந்நாட்டின் தானிய ஏற்றுமதி உடனே நின்றுவிடவில்லை. அரசுகள் ஒப்பந்தத்தைக் காப்பாற்றின என்று பெருமையாகச் சொல்லும்போது, விளைவித்தவனின் பெயர் அதில் எங்கும் இல்லை என்பதும் சேர்த்துச் சொல்லப்படவேண்டும்.

இதனால் ஒப்பந்தமே தவறு என்று ஆகாது. 1952இன் நெருக்கடியில் அதைவிட நல்ல வழி எதுவும் மேசையில் இருக்கவில்லை. இரு அரசுகளும் வாக்களித்த பொருளை அனுப்பின. விலைச் சண்டையை ஆண்டுப் பேச்சுக்குள் அடக்கின. பண்டாரநாயக்கவின் தேர்தல் வெற்றி, அவரது கொலை, அவர் மனைவி சிறிமாவோவின் ஆட்சி, மீண்டும் டட்லியின் ஆட்சி என்று கொழும்பில் எத்தனை மாற்றம் வந்தபோதும், பீக்கிங்கில் கலாசாரப் புரட்சியே நடந்தபோதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தன. கொழும்பில் எந்தக் கட்சி வந்தாலும் உணவு ஆணையாளரின் அலுவலகமும் கூப்பன் புத்தகமும் இருந்தன. வந்த அரிசியை வாங்கிக்கொள்ள ஓர் அரசு இயந்திரம் இருந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன திறந்த பொருளாதாரத்தை அறிவித்தார். எல்லோருக்கும் பங்கீட்டு அரிசி என்பது போய், வறியவருக்கு மட்டும் உணவு முத்திரை என்றானது. உள்நாட்டு நெல் விளைச்சலும் பெருகியிருந்தது. அரிசி இறக்குமதி அரசின் உயிர்ப்பிரச்சினையாக இருந்த நிலை மாறியது. ஒப்பந்தத்தைத் தாங்கிய தூண் சரிந்ததும் ஒப்பந்தமும் தேவையற்றதாயிற்று. எந்தப் பிணக்கும் இல்லாமல், எவரும் மீறாமல், முப்பது ஆண்டின் பின் 1982இல் அது முடிவுக்கு வந்தது.